இரசாயனப் பொறியியல் பட்டம்: பாடத்தெரிவு நாளிலேயே ஆரம்பிக்கும் கணக்கு

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்து ஓரிரு வாரங்களுக்குள் வர்த்தக நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஏறத்தாழ ஒரே மாதிரியானது. "மகன் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்திருக்கிறார். எங்களிடமும் ஒரு சின்ன சவர்க்காரத் தொழில் இருக்கிறது. கெமிக்கல் இன்ஜினியரிங் படிப்பிச்சா சரிவருமா?"

நல்ல கேள்விதான். ஆனால் கேட்பவர்களில் அநேகர், இது இன்னும் இரண்டு மூன்று வருடங்களுக்குப் பின்னர் முடிவெடுக்க வேண்டிய விடயம் என்று நினைத்துக்கொண்டே கேட்கின்றனர். உண்மையில் உயர்தரத்துக்கு எந்தப் பாடங்கள் என்று பாடசாலைப் படிவத்தை நிரப்பும் அன்றே இதில் பாதி முடிவாகிவிடுகின்றது. நான் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் தொழிற்சாலைகளில் இரசாயனப் பொறியியலாளனாக வேலை செய்தவன். ஆகவே இரண்டு பக்கத்துக் கணக்கையும் வைத்து இதனை எழுதுகிறேன்.

சட்டியும் தாங்கியும்

இரசாயனவியல் பட்டம் வேறு, இரசாயனப் பொறியியல் பட்டம் வேறு. எமது மக்கள் மத்தியில் இவை இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. எந்தப் பொருளுடன் எந்தப் பொருள் சேர்ந்தால் என்ன உண்டாகும் என்று ஆய்வுகூடத்தில் கண்டறிவது இரசாயனவியலாளரின் வேலை. அதே பொருளை நாளொன்றுக்கு ஐந்து தொன், ஒரே தரத்தில், யாருக்கும் காயம் ஏற்படாமல், சந்தையில் விற்கக்கூடிய விலைக்கு உற்பத்தி செய்வது எப்படி என்பது பொறியியலாளரின் வேலை.

சவர்க்காரத்தையே எடுத்துக்கொள்வோம். ஐந்து லீற்றர் சட்டியில் எண்ணெயும் கோஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்து அருமையான சவர்க்காரம் செய்யும் ஒருவர், வியாபாரம் பெருகியதும் நீளம், அகலம், உயரம் எல்லாம் பத்து மடங்கான தாங்கி ஒன்றைச் செய்விக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியின் கனவளவு ஆயிரம் மடங்காகிவிடுகிறது. ஆனால் வெப்பம் வெளியேறக்கூடிய சுவர்ப் பரப்பு நூறு மடங்குதான் கூடுகிறது. அதாவது ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் குளிரும் பரப்பு பத்திலொன்றாகக் குறைந்துவிட்டது. எண்ணெய் சவர்க்காரமாக மாறும்போது வெப்பம் வெளிவரும். சட்டியில் அது தானாகவே ஆறிவிடும். தாங்கியில் ஆறாது, பொங்கும். அதே செய்முறை, அதே கைப்பக்குவம், அதே மூலப்பொருள் இருந்தும் பெரிய அளவில் சரக்கு கெட்டுப்போவதற்குக் காரணம் இதுதான். வெப்பத்தை எப்படி எடுப்பது, எவ்வளவு வேகத்தில் கலக்குவது, எந்தக் குழாயில் எவ்வளவு ஓடவேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டுத் தருவதற்குத்தான் நான்கு வருடப் படிப்பு.

இந்தத் துறை பிறந்த இடமும் தொழிற்சாலைதான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் காரத் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்த ஜோர்ஜ் டேவிஸ் என்பவர் 1887இல் இது பற்றிப் பன்னிரண்டு விரிவுரைகள் நிகழ்த்தினார். அடுத்த வருடமே அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இதற்கென ஒரு பாடநெறி தொடங்கப்பட்டது. காய்ச்சுவது, வடிப்பது, உலர்த்துவது, அரைப்பது, பிரித்தெடுப்பது போன்ற வேலைகள் சீனி ஆலையிலும் எண்ணெய் ஆலையிலும் மருந்துத் தொழிற்சாலையிலும் பொதுவானவை. அவற்றைத் தனித்தனியாகப் படித்தால் எந்த ஆலைக்கும் பயன்படுத்தலாம் என்ற சிந்தனையே இன்றுவரை பாடத்திட்டத்தின் அடிப்படை.

முதலில் கற்பிக்கப்படுவது வியாபாரிக்கு அந்நியமான விடயம் அல்ல. உள்ளே போன பொருளின் நிறை, வெளியே வந்த பொருளின் நிறைக்கும் உள்ளே தங்கியதற்கும் சமனாக இருக்க வேண்டும். எமது ஐந்தொகைதான் இது. ரூபாவுக்குப் பதிலாகக் கிலோ. நான் அறிந்த ஓர் எண்ணெய் ஆலை முதலாளி ஆயிரம் கிலோ கொப்பரா போட்டால் 580 கிலோ எண்ணெயும் 340 கிலோ புண்ணாக்கும் வருவதாகவும், மிகுதி 80 கிலோ எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். வேலையாட்களில் ஒருவர் மீது அவருக்குச் சந்தேகம். வாங்கும் கொப்பராவில் எவ்வளவு ஈரம் இருக்கிறதென்று அளந்து பார்த்தோம். நூற்றுக்குப் பதினொன்று. ஆயிரம் கிலோவில் 110 கிலோ தண்ணீர். புண்ணாக்கோடு ஏறத்தாழ 30 கிலோ தண்ணீர் போகிறது. மிகுதி 80 கிலோவும் சூடாக்கும்போது ஆவியாகிவிடுகிறது. திருட்டு எதுவும் இல்லை. கொப்பரா விலைக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நன்கு உலர்ந்த கொப்பராவில் ஈரம் ஆறு வீதமளவில் இருக்கும். அந்தத் தொழிலாளி இன்றும் அங்கே வேலை செய்கிறார். கொள்வனவு செய்யும் இடத்தில் ஈரமானி ஒன்று வந்துவிட்டது. இரண்டாம் வருட மாணவன் செய்யக்கூடிய கணக்கு இது.

எமது கையில் இருக்கும் சரக்கு

இந்தப் படிப்பு பெற்றோலியச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969 முதல் இயங்கி வருகிறது, உண்மைதான். ஆனால் நாட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உள்ளது. எமது வர்த்தகர்கள் நாளாந்தம் கைமாற்றும் சரக்குகளைப் பாருங்கள்: தேங்காய் எண்ணெய், சிரட்டைக் கரி, கறுவா, மிளகு, இறப்பர், உப்பு, பெயின்ற், பிளாஸ்ரிக், தோல், மாணிக்கம். இவற்றுள் எதையும் ஒரு படி உயர்த்தி விற்பதற்கு வெப்பமும் அமுக்கமும் பிரித்தெடுப்பும் வேண்டும்.

சிரட்டைக் கரியை மூட்டையாக விற்றால் கரி விலை. அதையே ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால் செயற்படுத்திய கரியாகிவிடும். குடிநீரைச் சுத்திகரிக்கவும், தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் அதனை உலகெங்கும் வாங்குகிறார்கள். 1973இல் ஆரம்பிக்கப்பட்ட ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் இதனை வைத்தே உலகச் சந்தையில் இடம்பிடித்தன. சிரட்டை எமது ஊர்களிலும் குவிந்துதான் கிடந்தது.

மாணிக்க வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லாத கதை ஒன்று உண்டு. கெவுடா என்று சொல்லப்படும் பால்நிறக் கல்லை ஒரு காலத்தில் இங்கே பெறுமதியற்றதாக ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதனைக் குறைந்த விலைக்கு அள்ளிச் சென்றனர். அங்கே 1,600 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த சூழலில் உலையில் வைத்தபோது, கல்லுக்குள் ஊசிபோலக் கிடந்த தைத்தேனியம் கரைந்து இரும்புடன் சேர்ந்து நல்ல நீலம் எழுந்தது. எமது மண்ணில் எடுத்த கல்லை எமது கண் முன்னாலேயே விற்றுவிட்டோம். பேருவளையிலும் இரத்தினபுரியிலும் பின்னர் சூடாக்கும் கலையைக் கற்றுக்கொண்டார்கள். இடைப்பட்ட வருடங்களில் போனது போனதுதான். உலைக்குள் வாயுவும் வெப்பமும் என்ன செய்கின்றன என்று தெரிந்த ஒருவர் வியாபாரிகளின் வீடுகளில் அன்று இருந்திருந்தால் என்று நான் பல தடவை எண்ணியதுண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் யுத்தத்தினால் 1990இல் உற்பத்தியை நிறுத்தின. சப்புகஸ்கந்தையில் 1980களின் ஆரம்பத்தில் இயங்கத் தொடங்கிய யூரியா தொழிற்சாலையோ யுத்தம் காரணமாக மூடப்படவில்லை. அது 1985இல் மூடப்பட்டது. நாப்தாவிலிருந்து யூரியா செய்யும் முறையில் தவறில்லை. நாப்தாவின் விலைதான் கட்டுப்படியாகவில்லை. பொறியியல் சரியாக இருந்தும் கொள்முதல் கணக்கு பிழைத்தால் ஆலை நிற்காது. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் துறையில் கிடைக்கும் அனுகூலமும் இங்கேதான். விலை என்ன என்ற கேள்வி அவனுக்குச் சிறுவயதிலேயே பழகிவிடுகிறது.

கணிதப் பிரிவா, விஞ்ஞானப் பிரிவா?

இனி திட்டமிடலுக்கு வருவோம். அரச பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களுக்கு விண்ணப்பிக்க உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பெயரில் "இரசாயனம்" இருப்பதனால் உயிரியல் எடுத்துப் படித்துவிட்டுப் பின்னர் இதற்குள் வரலாம் என்று பலர் எண்ணுகின்றனர். வர முடியாது. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுத்து, இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொழில்நுட்பம் எடுத்தாலும் கதவு மூடிவிடும். தொழில்நுட்பப் பிரிவில் படித்தால் தொழில்நுட்பவியல் பட்டம் கிடைக்குமே தவிர பொறியியல் விஞ்ஞானமாணிப் பட்டம் அல்ல.

எமது ஊர்களில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டொக்டர் என்று உயிரியலுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் வர்த்தகப் பிரிவுக்குப் போகிறார்கள். இதனால் சில பாடசாலைகளில் இணைந்த கணிதத்துக்கு வகுப்பு நடத்துமளவு பிள்ளைகள் சேர்வதில்லை. வகுப்பில்லாததால் அடுத்த வருடமும் சேர்வதில்லை. உங்கள் ஊர்ப் பாடசாலை அப்படியானதென்றால், பிள்ளை வெளியூரில் தங்கிப் படிப்பதற்கான செலவையும் இப்போதே கணக்கில் எடுங்கள். ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பட்டத்துக்கு இரசாயனவியலைவிடக் கணிதமும் பௌதிகவியலும்தான் அதிகம் தேவைப்படும். இரசாயனச் சமன்பாடுகளை மனனம் செய்து ஏ எடுத்து, கணிதத்தைக் கண்டால் ஓடும் பிள்ளைக்கு இது பொருந்தாது. அந்தப் பிள்ளைக்கு இரசாயனவியல் பட்டமே சிறப்பு. இலங்கை இரசாயனவியல் நிறுவகம் 1979 முதல் நடத்திவரும் பட்டதாரிமட்டப் பாடநெறி இராஜகிரியவில் இருக்கிறது. அதனையும் விசாரித்துப் பாருங்கள்.

பல்கலைக்கழக அனுமதி இஸட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் செல்கின்றன. கொழும்பில் அனுமதி கிடைக்காத புள்ளிக்குப் புத்தளத்திலோ அம்பாறையிலோ கிடைக்கலாம். ஆனால் டியூசனுக்கு வசதி என்று கடைசி நேரத்தில் பிள்ளையைக் கொழும்புப் பாடசாலைக்கு மாற்றும் முன், அவர் எந்த மாவட்டத்தின் கணக்கில் சேர்வார் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் வாசித்துக்கொள்ளுங்கள். அந்தக் கைந்நூல் வருடாவருடம் வெளிவருகிறது. எல்.சி. நிபந்தனைகளை வரிவரியாக வாசிக்கும் எம்மவர்கள் இதனைப் புரட்டுவதேயில்லை.

பொறியியல் பீடம் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இத்துறை இல்லை. இரசாயன மற்றும் செயன்முறைப் பொறியியலுக்கெனத் துறைகள் இருப்பவை மொறட்டுவையும் பேராதனையும்தான். அங்கு நுழைந்தாலும் உடனே இத்துறை கிடைத்துவிடாது. முதற்கட்டப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் பொதுவானவை. அவற்றின் பெறுபேறுகளையும் மாணவரின் விருப்பத்தையும் வைத்தே துறை ஒதுக்கப்படுகிறது. கணினி, இலத்திரனியல் துறைகளுக்கு எப்போதும் நெருக்கடி. அவை கிடைக்காமல் மனமில்லாமல் இரசாயனப் பொறியியலுக்கு வந்து சேர்பவர்களும் உண்டு. விரும்பி வருபவருக்கு இது ஒரு வாய்ப்பு. இருந்தாலும் பீடத்துக்குள் போய்விட்டோம் என்று முதல் மாதங்களைப் பாழாக்கினால் அந்த வாய்ப்பும் கைநழுவிவிடும். ஆங்கில மொழிமூலம் திடீரென்று எதிர்ப்படுவதும் அதே மாதங்களில்தான். எமது பிள்ளைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுவே, அறிவுக் குறைவு அல்ல.

படிப்பு நான்கு வருடங்கள். இடையில் ஏறத்தாழ ஆறு மாதம் கைத்தொழில் பயிற்சி, இறுதி வருடத்தில் ஒரு முழுத் தொழிற்சாலையையே காகிதத்தில் வடிவமைக்கும் செயற்றிட்டம். ஆனால் வாப்பாமார் கணக்கிட வேண்டிய காலம் நான்கு வருடங்கள் அல்ல. சாதாரண தரத்திலிருந்து உயர்தரத்துக்கு இரண்டு வருடங்களுக்கு மேல், பெறுபேறும் அனுமதியும் வரும்வரை காத்திருப்பு, பின்னர் பட்டம். எட்டு வருடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் ஆரம்பமானது. அடுத்த வருடத்துக்குரியது 2023 ஜனவரியில் நடைபெற்றது. இவ்வாறான தாமதங்கள் மறுபடி வராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இருபத்திரண்டு வயதில் மகனைக் கடைக் கல்லாவில் அமர்த்தும் எண்ணம் மனதின் மூலையில் இருந்தால், இந்தப் பாதையில் அனுப்பிவிட்டு இடையில் இழுத்தெடுக்க வேண்டாம். படிப்பும் முடியாமல் வியாபாரமும் பழகாமல் நிற்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

புள்ளி போதாமல் போனால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவில் இரசாயனப் பொறியியல் தொழில்நுட்பம் ஒரு பிரிவாக உண்டு. இரண்டு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அதனை இரண்டாந்தரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆலைத் தளத்தில் எனக்கு வேலை கற்றுத் தந்தவர்களில் பாதிப்பேர் டிப்ளோமாக்காரர்கள்.

வெளிநாடு என்றால் இரண்டு கணக்குகள்

முதலாவது அங்கீகாரம். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கை 1989இல் ஏற்பட்டது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் அதன் முழு அங்கத்தவரானது. மலேசியா 2009இலும், இந்தியா 2014இலும், சீனா 2016இலும், பாகிஸ்தான் 2017இலும் முழு அங்கத்துவம் பெற்றன. எமது பிள்ளைகள் போகும் நாடுகள் பெரும்பாலும் இவைதான். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நாடு அங்கத்துவம் பெற்றிருப்பதனால் அந்நாட்டின் எல்லாப் பட்டங்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டவை ஆகிவிடாது. அங்கீகாரம் வழங்கப்படுவது பல்கலைக்கழகத்துக்கு அல்ல, குறிப்பிட்ட பாடநெறிக்கு, அதுவும் குறிப்பிட்ட வருடங்களுக்கு. ஒரே பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் அங்கீகாரம் பெற்றிருக்கும், இரசாயனப் பொறியியல் பெற்றிருக்காது. மலேசியாவில் பொறியியலாளர் சபையின் கீழுள்ள அங்கீகாரப் பேரவை, பாகிஸ்தானில் பொறியியல் பேரவை, இந்தியாவில் தேசிய அங்கீகாரச் சபை ஆகியன இப்பட்டியல்களை வெளியிடுகின்றன. முகவர் காட்டும் அழகிய பிரசுரத்தை வைத்துவிட்டு, பட்டத்தின் முழுப்பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பொறியியல் பேரவை அமைக்கப்பட்டு, பொறியியலாளர் பதிவு சட்டரீதியானதாகியுள்ளது. திரும்பி வரும் பிள்ளைக்கு இது கட்டாயம் முக்கியமாகும்.

எனக்குத் தெரிந்த ஒரு வர்த்தகரின் மகன் இப்படி ஒரு முகவரின் சொல்லை நம்பிப் போனவர். நான்கு வருடம் முடித்து வந்தபோது கையில் இருந்தது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். பெயரில் ஒரு சொல்தான் கூடுதல். வளைகுடாவில் பொறியியலாளர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அந்த ஒரு சொல்லால் மேற்பார்வையாளர் சம்பளமே தரப்பட்டது.

இரண்டாவது நாணய மாற்று. ஆண்டுக் கட்டணமும் தங்குமிடமும் சேர்ந்து 10,000 டொலர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதன்படி 20 இலட்சம் ரூபா. அதே வருடம் மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே கட்டணம் 36 இலட்சமானது. 2021இல் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் பலர் இரண்டாம் வருடத்தில் காணியை விற்றார்கள் அல்லது பிள்ளையைத் திருப்பி அழைத்தார்கள். சரக்குக் கொள்கலனைப் பாதிக் கடலில் நிறுத்தி விலை பேசலாம். படிப்பை அப்படி நிறுத்த முடியாது. நான்கு வருடக் கட்டணத்தையும் ஆரம்பத்திலேயே டொலர் கணக்கில் எழுதி, குறைந்தது இரண்டு வருடத்துக்குரியதை வெளிநாட்டு நாணயமாக வைத்திருக்க முடியாதவர் இந்த முடிவை மறுபரிசீலனை செய்வது நல்லது. உள்நாட்டு அரச பல்கலைக்கழகத்தில் இதே பட்டம் கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதையும், உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டாம் தடவைக்குச் செலவாகும் ஒரு வருடம், பல இலட்சம் ரூபாவைவிட மலிவாக இருக்கலாம்.

இந்தியா போக நினைப்பவர்களுக்கு மும்பையில் 1933இல் தொடங்கப்பட்ட இரசாயனத் தொழில்நுட்ப நிறுவகமும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் பழைய பெயர் பெற்றவை. சென்னைக் கல்லூரி 1944இல் உருவானதற்கு அழகப்பச் செட்டியார் என்ற வர்த்தகரின் நன்கொடையே காரணம் என்பது எமது தனவந்தர்கள் அறிந்திருக்க வேண்டியது.

வேலையும் சொந்தத் தொழிலும்

படித்து முடித்தால் வேலை உண்டா? உண்டு, ஆனால் எண்ணிக்கையில் சிவில் பொறியியலாளருக்கு உள்ள அளவு அல்ல. இறப்பர்க் கையுறை, டயர், செயற்படுத்திய கரி, பெயின்ற், உணவு, பானம், நீர் சுத்திகரிப்பு ஆகியவையே உள்நாட்டில் பிரதானமானவை. வெளியே ஜுபைல், ருவைஸ், ராஸ் லஃபான் போன்ற வளைகுடாத் தொழில் நகரங்கள் உண்டு. அங்கே அனுபவமில்லாத புதிய பட்டதாரியை எடுப்பது குறைவு. இங்கே இரண்டு மூன்று வருடம் ஆலையில் வியர்வை சிந்தியவரையே எடுப்பார்கள். ஆகவே முதல் வேலையின் சம்பளத்தைப் பார்த்து வாப்பாமார் முகம் சுளிக்கக் கூடாது.

கழிவு நீர் இன்று தனியான ஒரு வாழ்வாதாரமாகிவிட்டது. பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கு தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் இயங்க முடியாது. 2013 ஓகஸ்டில் வெலிவேரிய ரத்துபஸ்வலவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிணற்று நீரில் அமிலத்தன்மை என்ற முறைப்பாட்டில் தொடங்கிய ஆர்ப்பாட்டம் துப்பாக்கிச் சூட்டில், உயிரிழப்பில் முடிந்தது. தொழிற்சாலை வைத்திருப்பவர் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கும் காலம் இது. சாயத் தொழில், தோல் பதனிடுதல், பற்றிக் செய்யும் எமது சகோதரர்கள் இதனை இன்னும் இலேசாகவே எடுக்கின்றனர்.

ஆரம்பத்தில் சொன்ன சின்ன சவர்க்காரத் தொழிலுக்கு வருவோம். ஆறு பேர் வேலை செய்யும் இடத்துக்காக மட்டும் ஒரு பிள்ளையை எட்டு வருடம் படிக்க வைப்பது எனது பார்வையில் சரியான முதலீடு அல்ல. அந்தத் தேவைக்குக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. 1955இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனமாக ஆரம்பிக்கப்பட்டதுதான் இது. பரிசோதனையும் ஆலோசனையும் கட்டணத்துக்குக் கிடைக்கும். பல்கலைக்கழகத் துறைகளும் இறுதி வருட மாணவர்களின் செயற்றிட்டங்களுக்கு உண்மையான தொழிற்சாலைப் பிரச்சினைகளைத் தேடுவதுண்டு. ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். பிள்ளைக்கு அதில் ஆர்வமும் கணிதத்தில் பிடிப்பும் இருந்து, தொழிலையும் பத்து மடங்காக்கும் எண்ணம் குடும்பத்துக்கு இருந்தால் மாத்திரம் இரண்டையும் ஒன்றாக நினைக்கலாம்.

பெண் பிள்ளைகள் பற்றியும் கேட்கிறார்கள். ஆலைத் தளம், இரவு முறை வேலை என்று தயங்குகிறார்கள். தர நிர்ணயம், வடிவமைப்பு, சுற்றாடல், ஆராய்ச்சி, விரிவுரை என்று இத்துறையில் பல இடங்கள் இருக்கின்றன. எனது காலத்திலேயே பல பெண்கள் என்னோடு படித்தார்கள். இணைந்த கணிதத்தில் கெட்டிக்காரியான மகளைப் பெயருக்காக உயிரியலுக்கு மாற்றுவதை விட்டுவிட்டு, அவரிடமே கேளுங்கள்.

கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். பாடப் படிவத்தை நிரப்ப இன்னும் நாட்கள் இருந்தால், உங்களுக்குத் தெரிந்த எண்ணெய் ஆலைக்கோ, இறப்பர்த் தொழிற்சாலைக்கோ, பெயின்ற் கம்பனிக்கோ பிள்ளையை அழைத்துச் சென்று அரை நாள் நிற்க விடுங்கள். பொயிலர் எங்கே, நீராவி எந்தக் குழாயில் போகிறது, கழிவு எங்கே விழுகிறது என்று அவராகவே கேட்கத் தொடங்கினால் இணைந்த கணிதத்துக்கு எழுதுங்கள். அரை நாளும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு பாடம் பற்றிப் பேசலாம். போகும்போது மூடிய சப்பாத்து போட்டுச் செல்லச் சொல்லுங்கள். செருப்போடு வருபவர்களை நல்ல தொழிற்சாலை எதுவும் உள்ளே விடாது.